ரெடிக்கும் ஆச்சுக்கும் நடுவில்

அந்தத் தெருவில் போட்டோ எடுக்கும் கடை ஒன்றுதான். கடைக்குப் பலகை உண்டு, பலகையில் பெயரும் உண்டு. ஆனால் அதை வாசித்தவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. 'ஆடாதே ஸ்டூடியோ' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். கடைக்காரரின் வாயிலிருந்து நாள் முழுக்க வரும் சொல் அதுதான்; அவருக்கும் ஊரில் ஆடாதே என்றே பெயர். "ஆடாதீங்க. தாடையைத் தூக்குங்க. வாயை மூடுங்க. லேசா சிரிங்க, பல்லு தெரியக் கூடாது. ரெடி." பிறகு ஒரு க்ளிக். பிறகு, "ஆச்சு, எழுந்திருங்க." இந்த ரெடிக்கும் ஆச்சுக்கும் நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்தவர் மூச்சு விட்டால்கூட அவருக்குப் பொறுக்காது.

பாஸ்போர்ட்டுக்கு வந்தவரும் சரி, வேலைக்கு விண்ணப்பிக்க வந்தவரும் சரி, அவர் எடுத்த படத்தில் எல்லோருக்கும் ஒரே ஜாடைதான். ஏதோ தப்பு செய்து கையும் களவுமாகப் பிடிபட்ட ஜாடை. "இது என் முகமாங்க?" என்று யாராவது வாய்விட்டுக் கேட்டுவிட்டால், "முகம் நீங்க கொண்டு வந்தது. வெளிச்சம் மட்டும்தான் நான் போட்டது" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். கடையில் ஒரு கோட்டும் தொங்கும். முன்பக்கம் மட்டும்தான் கோட்டு. முதுகுப் பக்கம் நாலு கிளிப்பு. படத்தில் முதுகு வராது என்பது அவர் வாழ்க்கையில் கண்டுபிடித்த பெரிய உண்மை. அந்த உண்மையை அவர் கோட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் சங்கடம்.

அவருடைய மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வேலை. டாக்டருக்குப் பக்கத்தில் நின்று குறடு எடுத்துக் கொடுப்பது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, எல்லாவற்றுக்கும் முன்னால் "வாயைத் திறங்க, இன்னும் நல்லா" என்று சொல்வது. கணவர் ஊராரின் வாயை மூடவைத்துப் பிழைக்கிறவர். மனைவி அதே வாய்களைத் திறக்கவைத்துப் பிழைக்கிறவள். காலையில் இவரிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்த மனிதர் சாயங்காலம் அவளிடம் திறந்துகொண்டு கிடப்பதும் நடந்திருக்கிறது.

இந்த இரண்டு பேருக்கும் ஒரே பெண். பிறந்தபோது பிடியளவு இருந்ததால் மிளகு என்று ஒரு செல்லப்பெயர். இப்போது ஒன்றாம் வகுப்பு. வீட்டில் அவள் வாய் ஓயாது. பல் தேய்க்கும்போதும் பேசுவாள், நுரை சுவரெல்லாம் தெறிக்கும். தூக்கத்திலும் பேசுவாள். "இவ வாய்க்கு ஒரு மூடி வாங்கிப் போடணும்" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

இதே மிளகு வகுப்பில் வாயைத் திறப்பதில்லை. வகுப்பு மிஸ் பெற்றோர் இருவரையும் வரச் சொல்லி விஷயத்தைப் பக்குவமாக உடைத்தார்.

"இடைவேளையில நல்லா பேசறாளாம் சார், பசங்க சொல்றாங்க. நான் எழுப்பிக் கேட்டா மட்டும் ஒரு வார்த்தை வராது. சிலை மாதிரி நிக்கறா. அழறதுகூடக் கிடையாது, லேசா சிரிச்சுக்கிட்டே நிக்கறா. தலைமை ஆசிரியை இவளை அடுத்த வருஷமும் ஒண்ணாம் வகுப்பிலேயே வைக்கலாம்னு சொல்றாங்க. அடுத்த வாரம் ஒரு வீடியோ கூட்டம் இருக்கு. அதுல ஒரு நிமிஷம் பேசட்டும். அதை வச்சு நான் அவங்ககிட்ட பேசிப் பார்க்கறேன்."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கோ கோபம்தான் வந்தது. மகளுக்குக் கூச்சமாம்! பிறந்து நாற்பது நாளில் ஸ்டூலில் தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைக்கப்பட்டவள், கடையின் கண்ணாடி அலமாரியில் ராணியாக, விமானியாக, டாக்டராக, பூக்கூடைக்குள் பூவாக இருப்பவள், அவளுக்குக் கூச்சமாம். ஒரு மிஸ் சொன்னால் ஆயிற்றா? "வீடியோதானே? கேமரா முன்னாடிதானே? என்கிட்ட விடு" என்று வழியெல்லாம் மனைவியிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த வீடியோ கூட்டம் எதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடச் சுவர்களுக்கு வர்ணம் அடிக்க ஆள் வருகிறார்கள். வர்ணம் அடிக்கிறோம், லீவு என்று சொல்லிவிட்டால் பெரியவர்களும் பிள்ளைகளும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். ஆனால் பள்ளிக்கூடம் அப்படி வெட்டவெளிச்சமாகப் பேசிவிட்டால் அப்புறம் அதற்கென்ன கௌரவம்? 'வீடே வகுப்பறை நாள்' என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது. பட்டாணியையும் பொத்தானையும் கலந்துவைத்து நிறவாரியாகப் பிரிப்பது; இலைமேல் காகிதத்தை வைத்துத் தேய்த்து அதன் நரம்புகளை எடுப்பது; அறையைத் தன் காலடியால் அளப்பது; எது மிதக்கும் எது மூழ்கும் என்று தண்ணீரில் போட்டுப் பார்ப்பது. குழந்தைதான் செய்ய வேண்டும், பெற்றோர் உதவலாம் என்று இருந்தது. உதவலாம் என்று எழுதிய புண்ணியவான் பெற்றோர் என்ற இனத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஒவ்வொன்றையும் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். சாயங்காலம் எல்லோரும் வீடியோவில் கூடி, அன்று கற்றுக்கொண்டதைக் குழந்தை தன் வாயால் சொல்ல வேண்டும்.

அறிவிப்பு ஒன்றுதான். ஆனால் மனைவிக்கு அதில் 'தன் வாயால்' என்பது மட்டும் தெரிந்தது, அவருக்குப் 'படம்' என்பது மட்டும்.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "என்னங்க, போட்டோ நல்லா வரலைன்னாலும் பரவாயில்ல. அவளே செய்யட்டும். சாயங்காலம் வாயைத் திறந்து நாலு வார்த்தை சொன்னாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்."

"போட்டோ நல்லா வரலைன்னாலும் பரவாயில்லையா?" என்றார் அவர், நெஞ்சில் கைவைத்தபடி. அவ்வளவுதான் அவர் காதில் ஏறியது.

கடைக் கதவில் 'இன்று இல்லை' அட்டையைத் தொங்கவிட்டார். குடை விளக்குகள் இரண்டும் வீட்டுக்குள் வந்தன. சாமான்கள் எல்லாம் சமையலறைக்குத் துரத்தப்பட்டு, கூடத்துச் சுவரில் கடையின் வெள்ளைத் திரை இறங்கியது. முன்பக்கக் கோட்டு மட்டும் வரவில்லை, அதுவும் மகள் அளவில் இல்லாததால்தான்.

குழுவை எட்டிப் பார்த்தால், ஊர் அவருக்கு முன்பே எழுந்திருந்தது. வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஒரு அம்மா உண்டு; குழுவில் அவருக்குக் கேக்கம்மா என்று பெயர். அவர் தம் மகன் பட்டாணி பிரிக்கும் படத்தை ஏற்கெனவே போட்டுவிட்டார். பட்டாணிகள் வரிசை பிசகாமல் ஒரு மயிலாக நின்றன. மயிலின் தோகையில் கண்கள்கூட இருந்தன. ஓரத்தில் அவர் மகன் கையைக் கட்டிக்கொண்டு, யாரோ செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். 'முழுக்க முழுக்க அவனே செய்தது' என்று கீழே எழுதியிருந்தது. பதினெட்டுப் பேர் கை தட்டியிருந்தார்கள்.

ஆடாதேக்கு வயிற்றெரிச்சல் கிளம்பியது. மயிலுக்காக அல்ல. அந்தப் படத்தில் வெளிச்சம் பின்னாலிருந்து விழுந்திருந்தது. அதற்குப் போய் பதினெட்டுக் கைதட்டல்.

"மிளகு, வா. உட்காரு."

மிளகு வந்து உட்கார்ந்தாள். முன்னால் ஒரு தட்டு, தட்டில் பட்டாணியும் பொத்தானும். "அப்பா, இந்தப் பொத்தான் உன் பழைய சட்டையோடதுதானே? இதுல ஒரு ஓட்டை உடைஞ்சிருக்கு. உடைஞ்சதெல்லாம் தனியா வைக்கட்டுமா? நிறம் வேற வேற, ஆனா எல்லாமே உடைஞ்சது. அதுங்க ஒரு வீடு."

உள்ளபடியே அது நல்ல யோசனை. நிறத்தை விட்டு வேறொரு விதமாகப் பிரிக்கலாம் என்று ஒரு குழந்தை தானாகக் கண்டுபிடித்ததைக் கேட்டால் எந்த மிஸ்ஸும் துள்ளிக் குதித்திருப்பார். ஆடாதே கேட்கவில்லை. அவர் விளக்கின் குடையைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு திரும்பிப் பார்த்து, "என்னது இது குப்பை மாதிரி?" என்று எல்லாவற்றையும் கலைத்து, சிவப்பு ஒரு வட்டம், வெள்ளை ஒரு வட்டம், பச்சை ஒரு வட்டம் என்று தானே அடுக்கினார். கடைசிப் பச்சைப் பட்டாணியை மகளின் இரண்டு விரலுக்கு நடுவில் செருகி, கையை வட்டத்துக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தினார்.

"ரெடி."

மிளகு நின்றுபோனாள். வேறு வீட்டில் பிள்ளையை ஒரு நொடி ஆடாமல் வைக்கக் கெஞ்ச வேண்டும், கூத்தாட வேண்டும், பொம்மையை ஆட்டிக் காட்ட வேண்டும். இங்கே ஒரு சொல் போதும். தாடை உயரும், உதடு ஒட்டும், கடைவாயில் ஒரு துளி சிரிப்பு வந்து உட்காரும், இமை கொட்டாது. மூக்கின்மேல் ஈ வந்து நடந்தாலும் மூக்கு அசையாது. அப்படி ஒரு பயிற்சி. ஆச்சு என்ற சொல் காதில் விழுந்தால்தான் உயிர் வரும்.

க்ளிக். "ஆச்சு."

"அப்பா, உடைஞ்ச பொத்தான் எல்லாம் எங்க போச்சு?"

"அதெல்லாம் படத்துல அசிங்கமா இருக்கும்."

இலைக்கும் இதே கதிதான். மிளகு ஆசையாய்த் தேய்த்த காகிதம் நடுவில் கிழிந்தது. அவர் புதிதாக ஒன்றைத் தேய்த்து, நரம்பு ஒவ்வொன்றும் எழும்பி நிற்கும்படி செய்து, மகள் கையில் பென்சிலைச் செருகி, ரெடி சொல்லி, ஆச்சு சொல்லி முடித்தார். "கிழிஞ்ச இடத்துல இலை தெரியுதுப்பா, பாரேன், ஜன்னல் மாதிரி" என்று அவள் தன் கிழிசலைத் தூக்கிக் காட்டியபோது அவர் படத்தின் ஓரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்.

அறையை அளக்கும்போது மிளகு குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி வைத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே பாதி தூரம் வந்துவிட்டாள். "அங்கயே நில்லு! வலது காலைத் தூக்கு, கையைச் சுவர்ல வச்சுக்கோ, கீழ பார்க்காத, என்னைப் பாரு. ரெடி." கால் அந்தரத்தில் நின்றது. அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. மருத்துவமனையிலிருந்து மனைவி.

"என்ன செய்யறா? பேசறாளா?"

"எல்லாம் பிரமாதமாப் போகுது. நீ குழுவைப் பாரு. இருபத்தஞ்சு கைதட்டல். கேக்கம்மாவே போட்டிருக்காங்க."

"நான் கைதட்டலையா கேட்டேன்? சாயங்காலம் என்ன சொல்லணும்னு அவகிட்ட கேட்டீங்களா? ஒரு தடவை சொல்லச் சொல்லிப் பாருங்க. அவகிட்ட போனைக் குடுங்க."

"இப்ப அவ வேலையா இருக்கா" என்றார். அவள் வேலையாக இருக்கிறாளாம். போனில் இன்னும் கொஞ்சம் வாதாடி, கொஞ்சம் சமாளித்து, வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தால் மிளகு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். தூக்கிய கால் தூக்கியபடி. முழங்கால் லேசாக நடுங்கியது. சிரிப்பு மட்டும் நடுங்கவில்லை. வேறொரு தகப்பனாக இருந்தால் ஓடிப்போய்த் தூக்கியிருப்பான். இவருக்குப் பெருமை பொங்கியது. இப்படி ஒரு மாடல் ஊரில் யாரிடம் இருக்கிறது?

"ஆச்சு, ஆச்சு."

காலைக் கீழே வைத்ததும் மிளகு, "எத்தனைன்னு மறந்துட்டேன்பா. திரும்ப முதல்ல இருந்து அளக்கட்டுமா?" என்றாள்.

"எதுக்கு? முப்பதுன்னு போட்டுக்கலாம்."

ஆக, அந்த அறை எத்தனை அடி என்று இந்த நிமிஷம் வரை யாருக்கும் தெரியாது. ஆனால் அளக்கும் படம் பார்ப்பவர்கள் சொக்கிப்போகும்படி இருந்தது.

மிதப்பதும் மூழ்குவதும்தான் மிளகு காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்த வேலை. தண்ணீர் என்றால் அவளுக்குப் பைத்தியம். குளியலறை வாளியில் தண்ணீர் பிடித்து, பக்கத்தில் கரண்டி, சோப்பு, சீப்பு, இரண்டு ஆரஞ்சுப் பழம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, நாலு தரம் வந்து "இப்ப போடலாமா?" என்று கேட்டுவிட்டாள். வாளி படத்துக்கு நன்றாக இல்லையென்று அவர் அகலமான கண்ணாடிப் பாத்திரத்தைத் தேடினார். கிடைத்ததும் அதில் வெளிச்சம் பட்டுக் கண் கூசியது. விளக்கைத் தள்ளினார். மறுபடி தள்ளினார்.

"கரண்டி சின்னது, அதனால மிதக்கும். ஆரஞ்சு குண்டு, அதனால மூழ்கிடும்" என்று மிளகு தன் கணிப்பைச் சொன்னாள். "போட்டுப் பார்க்கட்டுமா?"

"தொடாத! தண்ணி ஆடினா படம் கெட்டுடும். முதல்ல ஆச்சரியப்படு."

"எதுக்குப்பா ஆச்சரியப்படணும்?"

"ஆரஞ்சு மிதக்குதுல்ல, அதுக்கு."

மிளகின் முகம் விழுந்தது. "மிதக்குமா?"

"மிதக்கும். கண்ணை விரி. புருவத்தைத் தூக்கு. வாயைத் திறக்காத, பல்லு தெரியும். ரெடி."

வாயை மூடிக்கொண்டு ஆச்சரியப்படுவது எப்படி என்று யாரும் கேட்கக் கூடாது. மிளகு செய்தாள். வயிற்றுவலியைப் பொறுத்துக்கொள்வது போன்ற ஒரு ஆச்சரியம் படத்தில் பதிந்தது. ஆரஞ்சு தண்ணீருக்கு வெளியே காய்ந்துகொண்டிருந்தது. பிறகு அவர் அதை அலுங்காமல் தண்ணீரில் இறக்கி, மிதக்கும் ஆரஞ்சைத் தனியாக ஒரு படம் எடுத்து, இரண்டையும் ஒட்டினார். முப்பத்திரண்டு கைதட்டல். மிஸ் 'அருமை!' என்று எழுதினார். கேக்கம்மா ஒன்றும் எழுதவில்லை. அது இன்னும் இனித்தது.

"இப்ப நான் தண்ணியத் தொடலாமா?" என்றாள் மிளகு.

"சட்டை நனைஞ்சிடும். சாயங்காலம் வீடியோ இருக்கு. அது முடியட்டும்."

சாயங்காலம் வந்தது. வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூல், ஸ்டூலில் வாரி முடித்துப் பவுடர் போட்ட மிளகு, இரண்டு பக்கமும் குடை விளக்கு, எதிரே தாங்கியில் போன், போனுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்தபடி ஆடாதே. எல்லா வீடுகளும் சின்னச் சின்னக் கட்டங்களாகத் திரையில் தெரிந்தன. ஒரு கட்டத்தில் கொடியில் காயும் உள்பாவாடை, ஒன்றில் யாரோ ஒருவருடைய தொப்பை, ஒன்றில் கூரை மட்டும். நடுவில் மிளகு இருந்த கட்டம் அச்சடித்ததுபோல் பளிச்சென்று இருந்தது.

கேக்கம்மாவின் மகன் முதலில் பேசினான். பேசினான் என்பது மரியாதைக்கு. கேமராவுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்து ஒப்பித்தான். ஒரு இடத்தில் நின்று, "அம்மா, தாளைத் தூக்கிப் பிடி" என்றான். மிஸ் கேட்காத மாதிரி "சூப்பர்!" என்றார். பிறகு முறை இங்கே வந்தது.

"அடுத்து நம்ம மிளகு!" என்றார் மிஸ், வாயெல்லாம் தேனாக. "எல்லாரும் கேளுங்க. மிளகு, ரெடியா கண்ணு?"

தாடை உயர்ந்தது. உதடு ஒட்டியது. கடைவாயில் ஒரு துளி சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

"சொல்லும்மா. இன்னிக்கு என்ன கத்துக்கிட்ட?"

மிளகு இமை கொட்டவில்லை.

"மிளகு? நான் பேசறது கேக்குதா?" மிஸ் திரைக்கு நெருங்கி வந்து பார்த்தார். "சார், உங்க வீட்டு நெட் நின்னுபோச்சு போல. படம் அப்படியே உறைஞ்சிருக்கு."

"எங்களுக்கும் அப்படித்தான் தெரியுது மிஸ்" என்றார் கேக்கம்மா, பரிவோடு.

ஆடாதே முதல் நொடியில் என்ன நினைத்தார் என்பதைச் சொன்னால் நீங்கள் அடிக்க வருவீர்கள். பிரேம் அருமை என்று நினைத்தார். அடுத்த நொடியில் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நெட் நிற்கவில்லை. நின்றது மகள். பின்னால் ஒரு ஜன்னலோ காலண்டரோ இருந்தால் காற்றுக்காவது ஆடி உண்மையைச் சொல்லியிருக்கும். அவர் வெள்ளைத் திரையை அல்லவா கட்டிவைத்திருக்கிறார்? ஒரு பூச்சியும் பறக்கவில்லை. கையை ஆட்டினார். "பேசு, பேசு" என்று வாயை மட்டும் அசைத்தார். மிளகு அவரையே பார்த்தாள், அவர் சொல்லிக்கொடுத்தபடி, லென்ஸுக்கு நேராக.

"வெளிய போய்ட்டு உள்ள வாங்க சார்" என்றார் மிஸ். கொஞ்சம் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் ஒன்றாம் வகுப்பு இன்னும் ஒரு வருடம் நீண்டது. "சரி, என்ன பண்றது. நேரம் ஆச்சு. அடுத்த குழந்தை..."

மிளகின் தோள் தொப்பென்று இறங்கியது. மூச்சை விட்டாள். மூக்கை நன்றாகச் சொறிந்துகொண்டாள். "அப்பா, மிஸ் ஆச்சுன்னுட்டாங்க. நான் இறங்கட்டுமா?"

"அட, வந்துட்டா!" என்றார் மிஸ். "நெட் வந்துடுச்சு. இரு இரு, போகாத கண்ணு. இன்னிக்கு வீட்ல என்ன செஞ்ச, சொல்லு."

ஆச்சு சொன்ன பிறகு பேசலாம். அது அவளுக்குத் தெரிந்த சட்டம். மிளகு பேசினாள்.

"நான் ஒண்ணும் செய்யல மிஸ். எல்லாம் அப்பா செஞ்சாரு. பட்டாணி அப்பா பிரிச்சாரு. இலை அப்பா தேய்ச்சாரு. நான் தேய்ச்சது கிழிஞ்சு ஜன்னல் மாதிரி ஆச்சு, அதை அப்பா பார்க்கல. ரூம் எத்தனை அடின்னு நான் எண்ணிட்டே வந்தேன், பாதில காலைத் தூக்கச் சொல்லிட்டாரு. அம்மா போன் பண்ணினாங்க, நான் காலைத் தூக்கிட்டே நின்னேன், ரொம்ப வலிச்சுது. முப்பது அடின்னு அப்பா எழுதிட்டாரு. ஆரஞ்சு மிதக்கும்னு அவரே சொல்லிட்டாரு. நான் தண்ணியத் தொடவே இல்ல. நான் ஆச்சரியம் மட்டும்தான் பட்டேன்."

எல்லாக் கட்டங்களிலும் எல்லோரும் உறைந்துபோனார்கள். இந்த முறை நெட் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மூலையிலிருந்து கேக்கம்மாவின் மகன் உற்சாகமாகக் கத்தினான்: "எங்க வீட்டு மயிலும் அம்மா செஞ்சதுதான்! என்னைத் தொடவே விடல!" அந்தக் கட்டம் சட்டென்று கறுத்தது. "எனக்கும் அப்பாதான்!" "எனக்கு அக்கா!" என்று வரிசையாகக் குரல்கள் கிளம்பின, வரிசையாகக் கட்டங்கள் கறுத்தன.

ஆடாதேயின் மானம் கப்பலேறியது. மிதக்குமா மூழ்குமா என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மிஸ் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு இருந்தார். "சார்... பேசறா சார்! இவ்வளவு பேசறா! இத்தனை நாளா எங்க வச்சிருந்தா இதையெல்லாம்?"

அவருக்கு எங்கே என்று தெரிந்துவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். விளக்கை அணைத்துவிட்டு, நெட் போய்விட்டது என்று ஒதுங்கியிருக்கலாம். வாழ்நாள் முழுக்க முதுகை மறைத்தவருக்கு அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆனால் அந்தக் கால் நினைவுக்கு வந்தது, நடுங்கிய முழங்கால். போனுக்கு முன்னால் வந்து நின்றார். வேர்வையில் முகம் மினுமினுத்தது, வெளிச்சம் தப்பாக விழுந்தது.

"மிஸ், நீங்க பிள்ளைங்களை எழுப்பும்போது ரெடியான்னு கேப்பீங்களா?"

"ஆமா சார். எப்பவும் கேப்பேன். ஏன்?"

"இவகிட்ட மட்டும் அதைக் கேக்காதீங்க. கடையில நான் அப்படிச் சொன்னா ஆடக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. குழந்தையில இருந்து நான் பழக்கினது. இவளுக்குக் கூச்சமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தப்பு என்னோடது மிஸ்."

மிச்சமிருந்த கட்டங்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. ஒரு வருஷமாகத் தினமும் தானே அந்தப் பெண்ணின் வாயைப் பூட்டிவிட்டு, பிறகு திறக்கவில்லை என்று குறைப்பட்டதை எண்ணி அவர் முகத்திலும் ஈயாடவில்லை. பிறகு, "ரெண்டாம் வகுப்புக்குப் போகட்டும் சார். தலைமை ஆசிரியைகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார்.

போனை அணைத்துவிட்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். வேலை முடிந்து வரப்போகும் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தார். நினைத்தது நடந்துவிட்டது, மகள் வாயைத் திறந்துவிட்டாள், அதில் சந்தோஷம்தான். ஆனால் திறந்த வாயில் முதலில் விழுந்து நொறுங்கியது தான்தான் என்பதை எப்படிச் சொல்வது?

"அப்பா, வீடியோ முடிஞ்சுது. இப்ப தண்ணியத் தொடலாமா?"

"தொடும்மா."

அவள் குளியலறைக்கு ஓடினாள். தண்ணீர் சளசளத்தது. கரண்டி டங்கென்று அடியில் போய் விழுந்தது. சோப்பு, சீப்பு, ஒன்றன்பின் ஒன்றாகப் பேச்சோடு சேர்ந்து விழுந்தன. பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பேச்சு இல்லையென்றால் வாயில் ஏதோ போய்க்கொண்டிருக்கிறது. ஆரஞ்சின் வாசனை கூடம் வரை வந்தது.

"அப்பா! ஓடி வா! சீக்கிரம் வா!"

ஓடினார். ஓடும்போதே பழக்கதோஷத்தில் கை கேமராவை எடுத்துக்கொண்டது. வாசலில் மிளகு சொட்டச் சொட்ட நின்று கையை நீட்டித் தடுத்தாள்.

"அது எதுக்கு? அதை வெளிய வச்சிட்டு, நீ மட்டும் வா."

கேமராவைக் கூடத்தில் வைத்துவிட்டு, அவர் மட்டும் போனார். வாளியில் ஒரு ஆரஞ்சு மிதந்தது. மிளகின் கையில் இன்னொன்று, தோல் உரித்து, ஒரு சுளை குறைந்து.

"தோலோட இருக்கறது மிதக்குதுல்ல? தோல் உரிச்சா இன்னும் லேசு. அப்போ இன்னும் நல்லா மிதக்கணும்ல?"

"ஆமா, மிதக்கும்" என்றார், காலையில் சொன்ன அதே குரலில்.

மிளகு கையை விட்டாள். உரித்த ஆரஞ்சு நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

ஆடாதே குனிந்தார். கையை விட்டு அதை எடுத்தார், தானே இன்னொரு தரம் போட்டார். அது மறுபடி மூழ்கியது. தோல் போட்டது மிதக்கிறது, தோல் இல்லாதது மூழ்குகிறது. "இது எப்படி?" என்றார். கண் விரிந்திருந்தது. புருவம் நெற்றிக்கு ஏறியிருந்தது. வாய் திறந்து, காவி ஏறிய பல் வரிசை மொத்தமும் வெளியே தெரிந்தது.

மிளகு வாளியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஆச்சரியம்னா இதுதான். காலைல நான் பட்டது தப்பு" என்றாள்.